பணிச்சான்றுக் கடிதத்தில் எந்தக் காலம்? 'செய்கிறார்', 'செய்தார்', 'செய்து வருகிறார்'

வேலை மாறும்போது பழைய முதலாளியிடம் கேட்டு வாங்கும் பணிச்சான்றுக் கடிதம் சிங்கப்பூரில் பெரும்பாலும் ஒரே பக்கம்தான். எழுதுகிறவர் பெயரையும் பதவியையும் தேதியையும் இரண்டு முறை சரிபார்ப்பார். வினைச்சொற்களை மட்டும் காதுக்குப் பழகியபடி விட்டுவிடுவார். ஆனால் அதைப் படிக்கும் மனிதவள அதிகாரிக்குத் தெரிய வேண்டியவை இவை: இவர் இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா? எப்போதிலிருந்து எப்போது வரை இருந்தார்? இங்கே புகழப்படும் குணங்கள் இன்றைக்கும் பொருந்துமா? தேதிகள் பாதிப் பதிலைத்தான் தரும். மீதியைச் சொல்வது வினைச்சொல்லின் காலம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் படிப்பவருக்குச் சந்தேகம் வரும். சந்தேகம் வந்தால் தொலைபேசியை எடுப்பார், அல்லது விண்ணப்பத்தை ஓரமாக வைத்துவிடுவார்.

இங்கே இத்தகைய கடிதங்கள் அநேகமாக ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. தேக்காவில் கடை நடத்துபவர், கட்டுமானத் தள மேற்பார்வையாளர், துணைப்பாட நிலையப் பொறுப்பாளர் என்று தமிழில் யோசித்து ஆங்கிலத்தில் எழுதுகிறவர்கள் ஏராளம். பிழைகளில் பெரும்பாலானவை அந்த இடைவெளியில்தான் பிறக்கின்றன. ஆங்கில வினைகளை இங்கே ஒலிப்படி தமிழ் எழுத்தில் தருகிறோம்.

கடிதத் தேதிதான் அளவுகோல்

பலரிடம் ஒரு தவறான நம்பிக்கை இருக்கிறது. ஆள் விலகிவிட்டார் என்றால் கடிதம் முழுவதும் இறந்தகாலம், வேலையில் இருக்கிறார் என்றால் முழுவதும் நிகழ்காலம் என்பதே அது. நல்ல கடிதம் எதுவும் ஒரே காலத்தில் இருக்காது. காலத்தை வாக்கியம் வாக்கியமாக முடிவுசெய்ய வேண்டும். அதற்கு ஒரு கேள்வி போதும்: கடிதத்தின் மேலே நீங்கள் போடும் தேதியில் இந்தச் செய்தி இன்னும் உண்மையா?

2019 மார்ச்சில் சேர்ந்து 2024 ஜூனில் விலகிய கணக்காளர் ஒருவருக்கு 2024 ஆகஸ்டில் கடிதம் எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர் உங்களிடம் வேலை பார்த்தது முடிந்துபோன செய்தி, ஆகவே இறந்தகாலம். அவர் அமைத்துக் கொடுத்த கணக்குமுறையை நீங்கள் இன்றும் பயன்படுத்துகிறீர்கள் என்றால் அமைத்தது இறந்தகாலம், பயன்படுத்துவது நிகழ்காலம். உங்கள் நிறுவனம் மொத்த வியாபாரம் செய்கிறது என்பதும் நிகழ்காலம். அவர் போய்விட்டார் என்பதற்காக நிறுவனத்தையும் இறந்தகாலத்துக்குத் தள்ளி 'த கம்பெனி வாஸ் எ ஹோல்சேலர்' என்று எழுதினால், கடையை மூடிவிட்டீர்கள் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார். நீங்கள் அவரைப் பரிந்துரைப்பது கையெழுத்துப் போடும் அந்த நிமிடத்துச் செயல். அதுவும் நிகழ்காலம்.

வேலையில் இருப்பவருக்கு

வீட்டுக் கடனுக்காக வங்கி கேட்கிறது, நிரந்தரவாச விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும், வேறு நாட்டுக்குக் குடியேற விண்ணப்பிக்கிறார் என்று வேலையில் இருப்பவர்களும் கடிதம் கேட்பார்கள். கனடாவின் குடிநுழைவுத் துறை கேட்கும் அனுபவக் கடிதத்தில் வகித்த பதவிகள், கடமைகள், பணியாற்றிய தேதிகள், வாரத்துக்கு எத்தனை மணிநேரம், ஆண்டுச் சம்பளம் ஆகியவற்றோடு, இப்போதைய வேலை என்றால் அதன் நிலையும் இருக்க வேண்டும். பதவியும் சம்பளமும் இன்றைய நிலை. அவற்றுக்கு நிகழ்காலம்: 'இஸ் எம்ப்ளாய்ட்', 'ஹோல்ட்ஸ்', 'ஏர்ன்ஸ்', 'வொர்க்ஸ் 44 ஹவர்ஸ் எ வீக்'.

எப்போதிலிருந்து என்று சொல்லும் வாக்கியத்தில்தான் கால் இடறும். 2020-இல் தொடங்கி இன்றும் தொடரும் ஒன்றுக்கு ஆங்கிலத்தில் 'ஹேஸ் வொர்க்ட்' அல்லது 'ஹேஸ் பீன் வொர்க்கிங்' வர வேண்டும். தமிழில் 'வேலை செய்து வருகிறார்' என்போமே, அதற்கு இணை இதுதான். 'இஸ் வொர்க்கிங் சின்ஸ் 2020' என்று எழுதுவது நம்மவர் கடிதங்களில் அடிக்கடி காணும் பிழை. தமிழில் '2020-லேர்ந்து வேலை செய்றாரு' என்பது முழுக்கச் சரி என்பதால் இந்தப் பிழை காதில் உறைக்காது. 'சின்ஸ்' வந்தால் முன்னால் 'ஹேஸ்' இருக்கிறதா என்று பாருங்கள். கூடவே 'டில் டேட்' என்ற சொற்றொடரையும் எடுத்துவிடலாம். இந்திய அலுவலக ஆங்கிலத்துக்கு வெளியே அது பலருக்குப் புதிராக இருக்கும். 'டு டேட்' போதும், 'சின்ஸ்' இருந்தால் அதுவும் தேவையில்லை.

வேலையில் இருக்கும்போதே முடித்த காரியங்களில் ஆண்டு சொல்வதும் சொல்லாததும் காலத்தை மாற்றும். '2022-இல் புதிய கிடங்கைத் திறக்க உதவினார்' என்றால் 'ஹெல்ப்ட்'. ஆண்டு சொல்லாமல் இதுவரை மூன்று கிடங்குகளைத் திறக்க உதவியிருக்கிறார் என்றால் 'ஹேஸ் ஹெல்ப்ட்'. காரியம் நடந்து முடிந்த ஆண்டும் 'ஹேஸ்' வடிவமும் ஒரே வினையில் சேராது. 'ஹேஸ் ஹெல்ப்ட் இன் 2022' பிழை.

பதவி உயர்ந்தவருக்கு மூன்று வினைகளும் ஒரே வாக்கியத்தில் வரும்: 2016-இல் உதவியாளராகச் சேர்ந்தார், 'ஜாயின்ட்', 2020-இல் பதவி உயர்த்தப்பட்டார், 'வாஸ் ப்ரமோட்டட்', அதுமுதல் மேற்பார்வையாளராக இருந்து வருகிறார், 'ஹேஸ் பீன்'. இடையில் விலகிப்போய்த் திரும்பி வந்தவருக்கும் இதே முறைதான். முதல் சுற்று இறந்தகாலம், இரண்டாவது சுற்று 'ஹேஸ்'. இரண்டையும் ஒட்டித் தொடர்ச்சியாகக் காட்டினால் நடுவில் இருந்த இடைவெளியை மறைத்ததாக ஆகிவிடும்.

விலகியவருக்கு

கணக்காளருக்குச் சரியான வாக்கியம்: 'ஷி வொர்க்ட் வித் அஸ் ஃப்ரம் மார்ச் 2019 டு ஜூன் 2024'. தொடக்கமும் முடிவும் தெரிந்துவிட்டன, கதவு மூடியாயிற்று. இங்கே 'ஹேஸ் வொர்க்ட் ஃப்ரம் 2019 டு 2024' என்று எழுதுவதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு. 'ஹேஸ்' இன்னும் தொடர்கிறது என்கிறது, தேதி முடிந்துவிட்டது என்கிறது. எதை நம்புவது என்று படிப்பவர் திகைப்பார்.

இன்னொரு பழக்கம் 'ஹேட்' மீதுள்ள ஆசை. 'ஷி ஹேட் ஜாயின்ட் அஸ் இன் 2019' என்று எழுதினால் கொஞ்சம் மரியாதையாகவும் அலுவலகத்தனமாகவும் ஒலிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். இறந்தகாலத்து இரண்டு நிகழ்ச்சிகளில் எது முந்தியது என்று காட்ட மட்டும்தான் 'ஹேட்' தேவை. 'நாங்கள் புது மென்பொருளுக்கு மாறியபோது அவர் ஏற்கெனவே பயிற்சியை முடித்திருந்தார்' என்ற இடத்தில் 'ஹேட் கம்ப்ளீட்டட்' பொருந்தும். ஒரு பக்கக் கடிதத்தில் அப்படிப்பட்ட இடம் ஒன்று வந்தாலே அதிகம். வரைவில் 'ஹேட்' மூன்று இடத்தில் இருந்தால் இரண்டையாவது எளிய இறந்தகாலமாக மாற்றலாம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

வழக்கமாகச் செய்த வேலைகளுக்கு 'யூஸ்ட் டு' போடாதீர்கள். 'யூஸ்ட் டு ஹேண்டில் கேஷ்' என்றால் முன்பெல்லாம் பணத்தைக் கையாண்டார், பிறகு நிறுத்திவிட்டார் அல்லது நிறுத்தப்பட்டார் என்ற வாடை வருகிறது. பணம் சம்பந்தப்பட்ட வேலையில் அந்த வாடை ஆளுக்கு நல்லதல்ல. 'ஹேண்டில்ட் கேஷ்' என்றால் வம்பில்லை.

குணத்துக்கு எந்தக் காலம்?

'நல்ல மனுஷராத்தான் இருந்தாரு' என்று ஒருவர் சொன்னால் நமக்கு உடனே 'இப்போ என்னாச்சு?' என்று கேட்கத் தோன்றும். ஆங்கிலத்தில் 'ஷி வாஸ் ஹானஸ்ட்' என்று தனியாக நிற்கும் வாக்கியமும் அதே கேள்வியை எழுப்புகிறது. நேர்மை, பொறுமை, பொறுப்புணர்ச்சி போன்றவை ராஜினாமாக் கடிதத்தோடு முடிந்துபோவதில்லை. அதனால் விலகிப் போனவரைப் பற்றியும் 'ஷி இஸ் ஹானஸ்ட்' என்று எழுதலாம். எழுத வேண்டும் என்றே சொல்வோம், ஒரு நிபந்தனையோடு: அதை இன்றும் சொல்லும் அளவுக்கு அவரை உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விலகி ஐந்து ஆண்டாகிவிட்டது, இடையில் தொடர்பே இல்லை என்றால் இன்றைய குணத்துக்கு நீங்கள் சாட்சி சொல்ல முடியாது. அங்கே இறந்தகாலம்தான் நியாயம். ஆனால் தனியாக விடாமல் காலவரம்பைச் சேர்த்துக் கட்டிவிடுங்கள். 'எங்களிடம் பணியாற்றிய காலம் முழுவதும்' என்று தொடங்கினால் 'வாஸ்' உறுத்தாது. அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு: 'ஐ ஃபவுண்ட் ஹர் டு பி ரிலையபிள்'. இறந்தகாலத்தில் இருப்பது உங்கள் கணிப்புதான், அவருடைய குணம் இல்லை. இன்றைக்கு அவர் எப்படி என்பது பற்றி வாக்கியம் எதுவும் சொல்லவில்லை, சந்தேகமும் கிளப்பவில்லை.

நேரம் தவறாமை, விடுப்பு எடுக்கும் பழக்கம் போன்றவை வேறு வகை. அவை குணம் என்பதைவிடப் பதிவேட்டில் இருக்கும் நடத்தை. மூன்று ஆண்டில் தாமதமாக வந்ததில்லை என்று உங்கள் வருகைப்பதிவு காட்டுகிறது என்றால் அது நடந்து முடிந்த செய்தி. எளிய இறந்தகாலத்தில் எழுதுங்கள்.

திறமைகள் நடுவே நிற்கின்றன. மொழி தெரியும், பாரந்தூக்கி வண்டி ஓட்டத் தெரியும் என்பவை நிகழ்காலம்: 'ஸ்பீக்ஸ் தமிழ் அண்ட் மலாய்'. 'ஸ்போக்' என்று எழுதினால் அவர் மலாய் மறந்துவிட்டார் போலிருக்கும். ஆனால் காலாவதியாகக்கூடிய சான்றிதழ்களில் எச்சரிக்கை தேவை. உணவகச் சமையல்காரரை எடுத்துக்கொள்வோம். சிங்கப்பூரில் உணவைக் கையாள்பவர்கள் உணவுப் பாதுகாப்புப் பயிற்சியை முடித்திருக்க வேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பிறகு மறுபயிற்சியும் உண்டு. உங்களிடமிருந்து விலகியபின் அவர் மறுபயிற்சிக்குப் போனாரா என்பது உங்களுக்குத் தெரியாது. ஆகவே 'ஹோல்ட்ஸ் எ வேலிட் சர்டிஃபிகேட்' என்று உத்தரவாதம் தராமல், எந்த மாதம் எந்த ஆண்டு முடித்தார் என்று 'கம்ப்ளீட்டட்' போட்டு எழுதுங்கள். செல்லுபடியாகுமா என்பதைச் சான்றிதழைப் பார்த்து அடுத்த முதலாளி முடிவுசெய்யட்டும்.

அவரை எவ்வளவு காலமாகத் தெரியும் என்று சொல்லும் வாக்கியம் கடிதத்தின் தொடக்கத்திலேயே வரும், முதல் பிழையும் அங்கேதான் விழும். 'எனக்கு அவரை ஐந்து வருஷமா தெரியும்' என்பதை அப்படியே எடுத்து 'ஐ நோ ஹர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்று எழுதிவிடுகிறோம். வர வேண்டியது 'ஐ ஹேவ் நோன் ஹர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்'. 'ஐ நியூ ஹர்' என்று இறந்தகாலத்தில் போட்டால் உறவு முறிந்துவிட்டது அல்லது ஆள் இல்லை என்று பொருள்படலாம். அவர் உங்களிடம் வேலையை விட்டிருக்கலாம், ஆனால் உங்களுக்கு அவரைத் தெரியாமல் போய்விடவில்லையே.

பரிந்துரைக்கு 'ஐ ரெக்கமெண்ட்' என்று நேராக எழுதுங்கள். 'ஐ வுட் லைக் டு ரெக்கமெண்ட்' பணிவாகத் தோன்றினாலும் பரிந்துரைக்க விரும்புகிறேன் என்ற அளவில் நின்றுவிடுகிறது. வருங்காலத்தைப் பற்றிய வாக்கியத்தில் 'வில்' தனியாக வந்தால் வாக்குறுதி ஆகிவிடும். முன்னால் 'நம்புகிறேன்' என்று சேர்த்து 'ஐ பிலீவ் ஷி வில் டூ வெல்' என்றால் அது உங்கள் கருத்து. திரும்ப எடுப்போம் என்று சொல்ல 'வுட் ரீஹையர்' சரியான இடம். இடம் காலியானால், அவர் கேட்டால் என்ற நிபந்தனை அதற்குள் இருக்கிறது. 'வில் ரீஹையர்' என்றால் அடுத்த வாரமே சேர்க்கப்போகிறீர்கள் என்றாகும்.

நோட்டிஸ் காலத்தில் எழுதும் கடிதம்

சிக்கல் அதிகம் இங்கேதான். ராஜினாமா கொடுத்தாயிற்று, கடைசி நாள் இன்னும் வரவில்லை, புது முதலாளி கடிதம் கேட்கிறார். வேலை ஒப்பந்தத்தில் நோட்டிஸ் காலம் சொல்லப்பட்டிருந்தால் அதுதான் கணக்கு. சொல்லப்படவில்லை என்றால் வேலை நியமனச் சட்டத்தின்படி 26 வாரத்துக்குக் குறைவான சேவைக்கு 1 நாள், 26 வாரம் முதல் 2 ஆண்டுக்குள் 1 வாரம், 2 முதல் 5 ஆண்டுக்குள் 2 வாரம், 5 ஆண்டும் அதற்கு மேலும் 4 வாரம். இந்த இடைவெளியில் எழுதப்படும் கடிதத்தில் அவர் இன்னும் உங்கள் ஊழியர். 'வாஸ் எம்ப்ளாய்ட்' என்று எழுதினால் பொய்.

சரி, 'இஸ் எம்ப்ளாய்ட்' என்று மட்டும் எழுதலாமா? எழுதலாம். ஆனால் கடிதம் மூன்று வாரம் கழித்துப் படிக்கப்படலாம், அப்போது அவர் விலகியிருப்பார். தீர்வு தேதிகளில் இருக்கிறது. 2019 மார்ச் முதல் பணியாற்றி வருகிறார், 'ஹேஸ் வொர்க்ட் சின்ஸ்'. ராஜினாமா செய்திருக்கிறார், 'ஹேஸ் ரிசைன்ட்'. கடைசி வேலை நாள் ஜூன் 28, 'ஹர் லாஸ்ட் டே ஆஃப் சர்வீஸ் வில் பி 28 ஜூன் 2024'. இந்த மூன்று வாக்கியங்களும் எந்த நாளில் படித்தாலும் தவறாகாது.

விடுப்பு இங்கே குழப்பத்தைக் கூட்டும். நோட்டிஸ் காலத்தில் ஊழியர் மிச்சமிருக்கும் ஆண்டு விடுப்பை எடுத்துக்கொண்டு வீட்டில் இருந்தால், நாற்காலி காலியாக இருந்தாலும் நோட்டிஸ் முடியும்வரை அவர் ஊழியர்தான், நிகழ்காலம்தான். அதே விடுப்பை நோட்டிஸ் நாட்களில் கழித்துக்கொண்டால் கடைசி நாளே முன்னால் வந்துவிடும். அந்த நாளுக்குப் பின் எழுதும் கடிதத்துக்கு இறந்தகாலம். நோட்டிஸுக்குப் பதிலாகச் சம்பளம் கொடுத்து உடனே அனுப்பிவிட்டாலும் அப்படியே. எழுத உட்காரும்முன் சம்பளப் பிரிவிடம் கடைசி நாள் எது என்று கேட்டுவிடுங்கள். மேசையைக் காலி செய்த நாளை நினைவில் வைத்து எழுதாதீர்கள். சிங்கப்பூரரும் நிரந்தரவாசியும் தங்கள் மத்திய சேமநிதிக் கணக்கில் எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை சந்தா வந்தது என்று காட்ட முடியும். உங்கள் தேதி அதோடு ஒத்துப்போக வேண்டும்.

காதில் விழாத கடைசி எழுத்து

ஆங்கில இறந்தகால வினையின் கடைசி ஒலி பேச்சில் கரைந்துபோவது இங்குள்ள ஆங்கிலத்தின் இயல்பு. 'சூப்பர்வைஸ்ட் த டீம்' என்று சொல்லும்போது நடுவில் இருக்கும் 'ட்' யார் காதிலும் விழுவதில்லை. எழுதும்போதும் விழாமல் போகிறது. 'ஹீ சூப்பர்வைஸ் த டீம்', 'ஷி ஹேண்டில் கஸ்டமர்ஸ்' என்று வந்துவிடும். கணினியின் எழுத்துப் பிழைதிருத்தி எல்லாவற்றையும் பிடித்துவிடும் என்று நம்பாதீர்கள். 'சூப்பர்வைஸ்' என்பதும் சரியான சொல்தானே, எழுத்துக் கணக்கில் பிழை இல்லை. கண்ணால்தான் பிடிக்க வேண்டும். இது போதாதென்று, முடிந்ததைக் காட்ட வினையை மாற்றாமல் 'ஆல்ரெடி' சேர்க்கும் பேச்சுவழக்கும் சில சமயம் கடிதத்துக்குள் நுழைந்துவிடுகிறது. உணவங்காடியில் அது நம் ஊர் ஆங்கிலம், கடிதத்தாளில் வேண்டாம்.

கடமைப் பட்டியல்

கடிதத்தின் நடுவில் கடமைகளை வரிசையாகப் போடும்போது பெரும்பாலோர் வேலை விளம்பரத்திலிருந்து நகலெடுத்து ஒட்டுவார்கள். விளம்பரத்தில் அவை 'மேனேஜ்', 'ப்ரிப்பேர்', 'லியேஸ்' என்று கட்டளை வடிவில் இருக்கும். விலகியவருக்கு ஒவ்வொன்றையும் 'மேனேஜ்ட்', 'ப்ரிப்பேர்ட்', 'லியேஸ்ட்' என்று மாற்ற வேண்டும், இருப்பவருக்கு 'மேனேஜஸ்', 'ப்ரிப்பேர்ஸ்'. முதல் இரண்டை மாற்றிவிட்டு மீதியை மறந்துவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. பட்டியலில் ஒரு வரி ஒரு காலம், அடுத்த வரி வேறு காலம் என்றிருந்தால் சில வேலைகளை இன்னும் செய்கிறார் என்று அர்த்தம் வந்துவிடும். இருப்பவரைப் பற்றி எழுதும்போது அந்த வேறுபாடு உண்மையாகவே இருக்கலாம். முன்பு கிடங்கைப் பார்த்துக்கொண்டவர் இப்போது கொள்முதலைப் பார்க்கிறார் என்றால், முன்பு செய்தவை, இப்போது செய்பவை என்று இரண்டு பட்டியலாகப் பிரித்துவிடுங்கள்.

பழைய கடிதத்தைத் திறந்து பெயரை மட்டும் மாற்றும் பழக்கத்தால் வரும் விபத்துகளும் இதே இனம். தமிழில் 'அவர்' ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, ஆங்கிலத்தில் இல்லை. நான்காவது பத்தியில் ஒளிந்திருக்கும் ஒரு 'ஹீ', மொத்தக் கடிதமும் வேறொருவருடையது என்று காட்டிக்கொடுத்துவிடும்.

எழுதுகிறவரும் இடம் மாறியிருந்தால்

முன்னாள் மேலாளர் இப்போது வேறு நிறுவனத்தில் இருந்துகொண்டு எழுதுவது சாதாரணம். அப்போது இருவரின் காலமும் ஓடும்: 'நான் அங்கே திட்ட மேலாளராக இருந்தேன், அவர் எனக்குக் கீழே பணியாற்றினார்', 'வாஸ்', 'ரிப்போர்ட்டட் டு மி'. இப்போது உங்கள் பதவி என்ன என்பது நிகழ்காலத்தில் தனி வாக்கியமாக வரட்டும். அந்த ஊழியர் இன்னும் பழைய நிறுவனத்தில் இருக்கிறாரா என்பதை நீங்கள் சொல்லக் கூடாது. அதைச் சொல்லும் உரிமை அந்த நிறுவனத்துக்கு. நீங்கள் பார்த்த ஆண்டுகளுக்குள் நில்லுங்கள். புது நிறுவனத்தின் முகவரித்தாளிலும் இதை அச்சடிக்காதீர்கள். தாளின் மேலே ஒரு பெயர், வாக்கியத்தில் 'வித் அஸ்' என்றிருந்தால் எந்த நிறுவனம் என்று குழம்பிப்போகும்.

தமிழில் எழுதுவதானால்

துணைப்பாட நிலையங்களும் தமிழ் அமைப்புகளும் சில சமயம் தமிழிலேயே சான்று தருகின்றன. அங்கே கவனிக்க வேண்டியது '-உள்ளார்' என்று முடியும் செய்தித்தாள் நடை. '2018 முதல் 2022 வரை பணியாற்றியுள்ளார்' என்பது 'ஹேஸ் வொர்க்ட்' பிழையின் தமிழ் வடிவம். கம்பீரமாக ஒலிக்கிறது, ஆனால் முடிந்ததா தொடர்கிறதா என்பதை மங்கலாக்குகிறது. முடிந்திருந்தால் 'பணியாற்றினார்', தொடர்ந்தால் 'பணியாற்றி வருகிறார்'. 'பணியாற்றி வந்தார்' என்பது விலகியவருக்குப் பொருந்தும், ஆனால் முடிவுத் தேதி கட்டாயம் வேண்டும்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா?

2016-இல் சிங்கப்பூர் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஒரு காப்புறுதி நிறுவனம் முன்னாள் ஊழியரைப் பற்றித் தந்த சான்று தொடர்பான வழக்கில் தீர்ப்பளித்தது. சான்று தரும் முதலாளிக்கு அந்த ஊழியர்பால் கவனக் கடமை உண்டு என்றது. சொல்லும் விவரம் உண்மையாக இருக்கவும், கருத்து உண்மையான விவரங்களில் ஊன்றி நிற்கவும் நியாயமான கவனம் எடுக்க வேண்டும். தனித்தனியாக உண்மையான விவரங்களேயானாலும் அவை சேர்ந்து தவறான எண்ணத்தை ஏற்படுத்தக் கூடாது. காலம் தவறிய ஒரு வினைச்சொல்லால் யாரும் நீதிமன்றம் போகப்போவதில்லை. ஆனால் 'வாஸ் ஹானஸ்ட்', 'யூஸ்ட் டு ஹேண்டில் கேஷ்' போன்ற வாக்கியங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றால் எழுதியவர் நினைக்காத ஒரு சித்திரம் உருவாகிவிடும் என்பதை மனதில் வைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்துக்கு முன்

கடிதத்தை அச்சடித்து ஒவ்வொரு வினைச்சொல்லின் கீழும் பேனாவால் கோடு போடுங்கள். திரையில் படித்தால் கண் தாவிவிடும். கோடு போட்ட ஒவ்வொன்றிலும் மேலே உள்ள தேதியை வைத்துக் கேளுங்கள்: இன்றும் உண்மையா, முடிந்ததா, இன்னும் நடக்கவில்லையா. 'சின்ஸ்' பக்கத்தில் 'ஹேஸ்' இருக்கிறதா, 'ஃப்ரம் டு' பக்கத்தில் 'ஹேஸ்' இல்லாமல் இருக்கிறதா என்று இரண்டாவது முறை பாருங்கள். பிறகு கடமைப் பட்டியலை மட்டும் கீழிருந்து மேலாகப் படியுங்கள். மாற்ற மறந்த வரி அப்போது துருத்திக்கொண்டு தெரியும்.

விலகிய ஊழியர் இரண்டு ஆண்டு கழித்து வந்து இன்னொரு பிரதி கேட்டால் பழைய கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றிக் கொடுத்துவிடாதீர்கள். நோட்டிஸ் காலத்தில் எழுதிய கடிதமாக இருந்தால், 'வில் பி' இன்னும் அங்கேயே இருக்கும், கடைசி நாளோ எப்போதோ கடந்திருக்கும். அதே கடிதம்தான் வேண்டும் என்றால் பழைய தேதியுடன் நகல் கொடுங்கள். புதுக் கடிதம் என்றால் இன்றைய தேதி போட்டு வினைகளை முதலிலிருந்து பாருங்கள்: 'ஹேஸ் வொர்க்ட் சின்ஸ்' இருந்த இடத்தில் 'வொர்க்ட் ஃப்ரம் டு' வர வேண்டும், 'வில் பி' 'வாஸ்' ஆக வேண்டும், 'ஹேஸ் ரிசைன்ட்' 'ரிசைன்ட்' ஆக வேண்டும். விலகிய ஊழியரின் பதிவுகளை முதலாளி ஓர் ஆண்டு வரை வைத்திருக்க வேண்டும் என்பதுதான் சட்டம், அதன்பின் அவை அழிக்கப்பட்டிருக்கலாம். அப்படியானால் தேதிகளை நினைவிலிருந்து எழுதாமல், முன்பு கொடுத்த கடிதத்தின் பிரதியையோ சம்பளச் சீட்டுகளையோ அவரையே கொண்டுவரச் சொல்லுங்கள்.